வேடந்தாங்கலுக்கு 225 வயது தாண்டிவிட்டது: யாரைக் கொண்டாடுவது?

கூழைக்கடா | செப்டம்பர் 2, காலை 7:40

மழைக்காலம் நெருங்குகிறது. சீசன் தொடங்குவதற்குள் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம் என்று இந்த இழையைத் திறக்கிறேன்.

2022-இல் வேடந்தாங்கலுக்கு ராம்சார் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற) அங்கீகாரம் கிடைத்தபோது எல்லாரும் வாழ்த்துப் போட்டோம். நல்லதுதான். ஆனால் ஏதோ அன்றைக்குத்தான் அந்த ஏரியைப் பாதுகாக்கத் தொடங்கியது போலப் பலர் எழுதியது உறுத்தியது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து கொக்கும் நாரையுமாகச் சுட்டுத் தள்ளியபோது, ஊர்க்காரர்கள் நேரே கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கலெக்டரிடம் போய் முறையிட்டு, இனி யாரும் சுடக்கூடாது என்று கவுல் (உறுதிப் பத்திரம்) எழுதி வாங்கினார்கள். அது 1798. பிறகு 1858-இல் மறுபடி கேட்டுப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936-இல் செங்கல்பட்டு கலெக்டர் அதிகாரபூர்வமாக அங்கீகரித்தார். 1962-இல் காப்புக்காடு ஆனது. 1998-இல் ஏரியோடு சுற்றி 5 கிலோமீட்டரையும் சேர்த்துச் சரணாலயம் என்று அறிவித்தார்கள்.

உலகின் முதல் தேசியப் பூங்கா என்று எல்லாரும் சொல்லும் யெல்லோஸ்டோன் 1872-இல் வந்தது. மதுராந்தகம் பக்கத்து விவசாயிகள் அதற்கு 74 வருடம் முந்திக்கொண்டார்கள்.

2023-இல் 225 வருடம் நிறைந்தபோது நம் குழுவில் யாரும் எதுவும் செய்யவில்லை. 250-க்காக 2048 வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இந்த சீசனில் உருப்படியாக என்ன செய்யலாம்? யோசனை சொல்லுங்கள்.

---

பல்லாவரம் பாபு | செப்டம்பர் 2, காலை 9:05

அருமையான இழை அண்ணா. என் யோசனை: ஜனவரியில் மூன்று நாள் பறவைத் திருவிழா. கரை முழுக்க சீரியல் லைட், ஒரு பெரிய எல்.இ.டி. திரையில் இந்த 1798 கதை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நடனம், சாப்பாட்டுக் கடைகள், நுழைவாயிலில் கூழைக்கடா வடிவத்தில் ஒரு செல்ஃபி பாயிண்ட். சென்னையிலிருந்து 80 கிலோமீட்டர்தானே, கூட்டம் அள்ளும். ஊருக்கும் நாலு காசு வரும்.

---

நீர்க்காகம் | செப்டம்பர் 2, காலை 9:31

பாபு தம்பி, ஜனவரியில் அந்த மரங்களில் என்ன நடக்கிறது தெரியுமா? முட்டை, குஞ்சு, அடைகாப்பு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிற மாதம் அது. அங்கே போய் லைட்டும் ஸ்பீக்கருமா?

---

பல்லாவரம் பாபு | செப்டம்பர் 2, காலை 9:38

அக்கா, நான் கரையில்தானே சொன்னேன், மரத்தில் கட்டச் சொல்லவில்லையே 😄 அந்தப் பறவைகள் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் அத்தனை தூரம் பறந்து வந்து முட்டையிடுகின்றன. கொஞ்சம் சத்தத்துக்கா பயப்படும்?

---

நீர்க்காகம் | செப்டம்பர் 2, மதியம் 1:20

இந்த "வெளிநாட்டுப் பறவை வந்து முட்டையிடுகிறது" செய்தி எல்லா வருடமும் நாளிதழில் வந்துவிடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வேடந்தாங்கலில் கூடு கட்டுகிறவை எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கொக்கு வகைகள், சாம்பல் நாரை. மழையும் தண்ணீரும் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே இடம் மாறிக்கொண்டே இருக்கும். வடக்கே தூர தேசத்திலிருந்து வருகிறவை ஊசிவால் வாத்து, தட்டைவாயன் மாதிரி வாத்துகளும் சில உள்ளான்களும். அவை குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, முட்டையிடத் தங்கள் ஊருக்கே திரும்பிவிடும். வாத்து பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிற கரிக்கிலி ஏரிதான் சரியான இடம். அதற்கும் 2022-இல்தான் ராம்சார் கிடைத்தது. ஆனால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. (போகாமல் இருப்பதே அதற்கு நல்லதோ என்றும் சில சமயம் தோன்றும்.)

இப்போது கூட்டுக்கு வருகிறேன். ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கின்றன. ஊரில் கடப்பை மரம் என்பார்கள். பாதி உடம்பு மாதக்கணக்கில் தண்ணீருக்குள் இருந்தாலும் அழுகாத மரம். நரி, பூனை எதுவும் நீந்தி வந்து ஏறாது. அந்தத் தண்ணீர்தான் காவல். தண்ணீர் வற்றினால் கூடுகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது ஏரி எப்படி இருந்தது என்று அந்த சீசனில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நத்தை குத்தி நாரைதான் முதலில் வந்து இடம் பிடிக்கும். பெரிய நாரைகள் மரத்தின் உச்சியில், நீர்க்காகமும் சின்னக் கொக்குகளும் அதற்குக் கீழே. தொலைநோக்கியில் ஒரே மரத்தில் நாலைந்து வகைக் குடித்தனம் தெரியும். மத்தியான வெயிலில் பார்த்தால், தாய் நாரை இறக்கையை அகல விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் ஊற்றும். அந்த நேரத்தில் வெடிச்சத்தத்திலோ ட்ரோனிலோ பெரியவை மிரண்டு பறந்தால், வெயிலில் அரைமணி நேரம் போதும், முட்டையும் குஞ்சும் போய்விடும். சும்மா பயமுறுத்த எழுதவில்லை.

---

சிங்கைச் செல்வி | செப்டம்பர் 2, மதியம் 2:02

டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறேன். எப்போது போனால் நன்றாகப் பார்க்கலாம்? காலையிலா, சாயங்காலமா?

---

கூழைக்கடா | செப்டம்பர் 2, மதியம் 2:10

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள். இரை தேடப் போனவை எல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். சென்னை-திருச்சி ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டு ரோட்டில் திரும்ப வேண்டும். காட்சிக் கோபுரத்தில் ஏறும்போது பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, பளிச்சென்ற சிவப்பு எல்லாம் வேண்டாம்.

---

கல்வெட்டுப் பித்தன் | செப்டம்பர் 2, இரவு 8:47

1798 பற்றிக் கொஞ்சம். அந்தக் கவுல் கொடுத்த கலெக்டர் லயனல் பிளேஸ். மதுராந்தகத்துக்காரர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே பிளேஸ் துரை!

தெரியாதவர்களுக்கு: மதுராந்தகம் பெரிய ஏரி வருடா வருடம் மழையில் உடைப்பெடுக்கும். கலெக்டர் கரையைப் பலப்படுத்த வந்தபோது, கோயிலில் தாயார் சன்னதியைக் கட்டித் தரும்படி அர்ச்சகர்கள் கேட்டார்களாம். "உங்கள் சாமி இந்த மழைக்கு ஏரியைக் காப்பாற்றட்டும், கட்டித் தருகிறேன்" என்றாராம் துரை. மழை கொட்டிய ஒரு ராத்திரி ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தால், வில்லும் கையுமாக இரண்டு பேர் கரையில் நின்று காவல் காத்தார்களாம். ஏரி உடையவில்லை. சன்னதி எழும்பியது. பிளேஸ் பெயர் பொறித்த கல் அந்தக் கோயிலில் இருக்கிறது.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்கு அதில் ருசிக்கிற விஷயம் வேறு. பிளேஸ் வரி வசூலில் படு கறாரான ஆள். மிராசுதாரர்களோடு அவர் போட்ட சண்டையெல்லாம் கும்பினி ஆவணங்களில் இருக்கிறது. செங்கல்பட்டுச் சீமையில் ஏரி இருந்தால்தான் விளைச்சல், விளைச்சல் இருந்தால்தான் கும்பினிக்கு வரி. அப்படிப்பட்டவரிடம் போய், "பறவை பாவம், சுடாதீர்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால் கவுல் கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம். பறவை போனால் அதன் எச்சத்தால் வருகிற ஏரித் தண்ணீரின் சத்து போகும், மகசூல் குறையும் என்று சொல்லியிருந்தால் துரைக்கு உடனே புரிந்திருக்கும். இது என் ஊகம்தான், ஆதாரம் கேட்காதீர்கள். ஆனால் அந்த ஊர்ப் பெரியவர்கள் ஆளைப் பார்த்துப் பேசத் தெரிந்தவர்கள் என்று நினைக்கிறேன்.

---

ஒருவரிக்காரன் | செப்டம்பர் 2, இரவு 9:15

அப்படியென்றால் இலவச உரத்துக்காகத்தான் காப்பாற்றினார்கள். இதில் என்ன தியாகம், எதற்குக் கொண்டாட்டம்?

---

கூழைக்கடா | செப்டம்பர் 2, இரவு 9:22

தியாகம் என்று யார் சொன்னது? பயன் இருந்ததால்தான் இவ்வளவு காலம் நிலைத்தது. வெறும் உபதேசமாக இருந்திருந்தால் இரண்டு தலைமுறையில் மறந்திருப்பார்கள்.

---

கடைமடை | செப்டம்பர் 3, காலை 6:10

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. நான் அந்த ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவன். ஊர், பெயர் வேண்டாம்.

உரம் என்கிறீர்களே, அது எப்படி என்று சொல்கிறேன். மற்ற ஏரித் தண்ணீருக்கும் இந்த ஏரித் தண்ணீருக்கும் வித்தியாசம் கண்ணாலேயே தெரியும். தை மாதம் மதகில் வருகிற தண்ணீர் பச்சையாக, கொழகொழவென்று இருக்கும். வாடை அடிக்கும். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஆயிற்றே. அந்தத் தண்ணீர் பாய்ந்தால் பயிர் கருகருவென்று பச்சை கட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் அப்பா காலத்தில் நவரை நெல்லுக்கு மேலுரம் என்று தனியாகப் போட்டதே கிடையாது. தலைமடையில் சத்து கூடிப்போய்ப் பயிர் சாய்ந்துவிடும் என்று அவர்கள் மடையை அடைத்துக் கடைமடைக்குத் தண்ணீர் விட்ட கதையும் உண்டு. தலைமடைக்காரன் தானாகத் தண்ணீர் விடுவதை நீங்கள் வேறு எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நத்தை குத்தியால் இன்னொரு லாபம். வயலில் இறங்கினால் நத்தையைப் பொறுக்கித் தின்றுவிடும். ஓட்டை உடைக்காது. கீழ் அலகு நுனியை உள்ளே விட்டுச் சதையை மட்டும் உருவி எடுத்துவிடும். அது இரை தின்ற வரப்பில் முழு முழு ஓடாகக் கிடக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. சின்ன வயதில் நாங்கள் அதைப் பொறுக்கிக் கோத்து விளையாடுவோம்.

இப்போது ஒருவரிக்காரன் கேட்டதற்கு வருகிறேன். அவர் கேள்வி தப்பில்லை. ஆனால் பாதிதான் கேட்டிருக்கிறார். இன்றைக்கு 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. கடையில் போய் வாங்கித் தூவினால் வேலை முடிந்தது. பறவை எச்சத்தை நம்பி இப்போது யாரும் விவசாயம் செய்யவில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் மறைமலைநகர், ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார்கள். லாபம் போய் ஐம்பது வருடம் ஆயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருந்தும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, ஏரியில் மீன் குத்தகை இல்லை. மற்ற ஊர்களில் மீன் ஏலத்தில் வருகிற பணத்தில் கோயில் திருவிழா நடக்கும். எங்களுக்கு அது கிடையாது. அப்புறம் ஏன் காப்பாற்றுகிறோம்? அதைக் கேளுங்கள்.

---

ஒருவரிக்காரன் | செப்டம்பர் 3, காலை 8:30

சரி ஐயா, கேட்கிறேன். ஏன்?

---

கடைமடை | செப்டம்பர் 3, மதியம் 12:45

எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன், மற்றவர்கள் வேறு சொல்வார்கள். முதல் காரணம் பழக்கம். பொறந்ததிலிருந்து அப்படித்தான். ஐப்பசி வந்தால் பறவை வரும், வந்தால் சத்தம் போடக் கூடாது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. இரண்டாவது, பேர். எங்கே போய் எந்த ஊர் என்று கேட்டாலும், சொன்னவுடன் முகம் மலர்கிறதே, அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? பறவை வராத வருடம் ஊரே களையிழந்து கிடக்கும். பெண்ணெடுக்க வந்தவர்கள்கூட "என்ன, இந்த வருஷம் ஒண்ணும் வரலையாமே" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்பார்கள்.

ஆனால் எல்லாம் இனிப்பாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால் சின்னதாக ஒரு கோழிப்பண்ணை போட நினைத்தேன். தடையின்மைச் சான்று கேட்டு ஒரு அலுவலகத்துக்கும் இன்னொரு அலுவலகத்துக்குமாக ஒன்றரை வருடம் நடந்தேன். கடைசிவரை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விட்டுவிட்டேன். பெரிய கம்பெனிக்குக் கிடைக்கிற பதில் எங்களுக்குக் கிடைப்பதில்லை என்ற கோபம் ஊரில் இருக்கத்தான் செய்கிறது.

---

சட்டப்புள்ளி | செப்டம்பர் 3, இரவு 7:55

கடைமடை ஐயாவின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தைத்தான் 2020-இல் சிலர் வேறு பக்கம் திருப்பப் பார்த்தார்கள். நினைவிருக்கிறதா? 5 கிலோமீட்டரில் உள்ளே இருக்கிற 3 கிலோமீட்டரை மட்டும் சரணாலயமாக வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடலாம் என்று ஒரு முன்மொழிவு போனது. வெளிவட்டத்தில் ஒரு மருந்து ஆலை விரிவாக்கத்துக்கு விண்ணப்பித்திருந்த நேரம் அது. பெரிய எதிர்ப்பு கிளம்பி, வழக்கும் போடப்பட்டு, கடைசியில் முன்மொழிவைக் கைவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிலோமீட்டர் ஆரம் என்றால் வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர கிலோமீட்டர். 3 கிலோமீட்டர் என்றால் 28. ஐந்தை மூன்றாக்கினால் பாதிகூடக் குறையாது என்று கேட்பவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். ராம்சார் பட்டியலில் இருக்கிற பரப்பு எவ்வளவு தெரியுமா? 40 ஹெக்டேர் சொச்சம். அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை. நாம் வாழ்த்துப் போட்ட ராம்சார் ஏரியோடு நின்றுவிடுகிறது. 1998 அறிவிக்கைதான் வயல்வரை வருகிறது.

சட்டப்படி ஒரு சரணாலயத்தின் எல்லையைத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் மாற்ற முடியாது. அது பலமான பூட்டு. ஆனால் பூட்டுக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கு அது சிறையாகத் தெரிந்தால் நாளைக்கு அவர்களே திறக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஒரு மாட்டுக்கொட்டகைக்கும் ஒரு ரசாயன ஆலைக்கும் வித்தியாசம் தெரிகிற மாதிரி, எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், எத்தனை நாளில் பதில் என்று ஒரு தெளிவான பட்டியல் தமிழில் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் எந்தத் திருவிழாவையும்விட அதுதான் பெரிய கொண்டாட்டம்.

---

பல்லாவரம் பாபு | செப்டம்பர் 3, இரவு 8:20

ஒரு சந்தேகம். பறவை இருப்பது ஏரியில். 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வயலில் என்ன நடந்தால் அதற்கென்ன? உண்மையாகத்தான் கேட்கிறேன், சண்டைக்கு இல்லை.

---

நீர்க்காகம் | செப்டம்பர் 3, இரவு 9:40

நல்ல கேள்வி. ஏரி அவற்றுக்குப் படுக்கையறை, அவ்வளவுதான். சமையலறை வெளியே இருக்கிறது. நல்ல மழை ஆண்டில் முப்பதாயிரம் பறவைகளுக்கு மேல் கூடும் என்று வனத்துறைக் கணக்கு சொல்கிறது. அத்தனைக்கும், அவற்றின் குஞ்சுகளுக்கும் அந்தச் சின்ன ஏரியில் மீன் ஏது? விடிந்தால் சுற்றியிருக்கிற ஏரி, குட்டை, நெல்வயல் எல்லாவற்றுக்கும் பிரிந்து போய் மீன், தவளை, நத்தை, நண்டு, பூச்சி என்று பொறுக்கிக்கொண்டு வந்து ஊட்டுகின்றன. 5 கிலோமீட்டரையும் தாண்டிப் போகும். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்! அந்த ஏரிகள் இல்லாமல் வேடந்தாங்கல் இல்லை.

கடைமடை ஐயா சொன்ன நத்தை ஓடு விஷயம் இதில்தான் வருகிறது. வயலில் அடிக்கிற மருந்து நத்தைக்குள் போய், நத்தை நாரைக்குள் போய், நாரை அதைக் குஞ்சுக்கு ஊட்டும். எல்லைக்கோடு வரைந்து இதைத் தடுக்க முடியாது. வயலைப் பிளாட் போட்டால் நத்தையே கிடையாது.

---

தென்பாண்டி | செப்டம்பர் 4, காலை 10:15

எங்கள் சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்கும் இதே கதைதான். வேட்டங்குடி சரணாலயம் 1977-இல் வந்தது, ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே அங்கே தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணம், சாவு எதற்கும் வேட்டுச் சத்தம் கேட்காது. தீபாவளிக்கு வனத்துறையிலிருந்து ஊருக்கு இனிப்பு கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. சின்ன விஷயம்தான். ஆனாலும் "நீங்கள் செய்வது எங்களுக்குத் தெரியும்" என்று யாரோ வந்து சொல்வது மாதிரி. ஈரோடு வெள்ளோடு பக்கமும் வெடி வெடிக்காத கிராமங்கள் உண்டு. வேடந்தாங்கலைக் கொண்டாடினால் இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

ஒருவரிக்காரன் | செப்டம்பர் 4, காலை 10:32

இனிப்பு டப்பா போதுமா, மீன் ஏலத்துக்கு ஈடாக ஊருக்குப் பணம் தரலாமே? டிக்கெட் காசு எங்கே போகிறது?

---

தென்பாண்டி | செப்டம்பர் 4, காலை 10:50

முதல்முறையாக உங்களோடு ஒத்துப்போகிறேன் 🙂

---

கல்வெட்டுப் பித்தன் | செப்டம்பர் 4, மதியம் 3:05

பணம் தரலாம், தர வேண்டும். ஒரே ஒரு பயம். பணம் கொடுத்தால் அது கூலி ஆகிவிடும். கூலி நின்ற வருடம் காவலும் நின்றுவிடும். 1798-இல் ஊர் போய்க் கேட்டது, கலெக்டர் கொடுத்தார். இன்றைக்கு எல்லாம் மேலிருந்து வருகிறது. ஊர் கேட்டு அரசு கொடுக்கிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். கடைமடை ஐயாவையே கேட்போம். ஐயா, ஊர் சார்பில் இன்றைக்கு ஒரு கவுல் எழுதி வாங்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

---

கடைமடை | செப்டம்பர் 4, இரவு 9:30

தண்ணீரைக் கேட்பேன். வேறு ஒன்றும் வேண்டாம்.

எல்லாரும் ஏரிக்குள்ளேயே பார்க்கிறீர்கள். ஏரிக்குள் வனத்துறை மேடு போட்டிருக்கிறது, கருவேலம் நட்டிருக்கிறது, பழைய கடப்பை பட்டுப்போன இடத்தில் புதுக் கன்று வைக்கிறது. அதெல்லாம் நடக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது ஆற்றுப்பாசன ஏரி இல்லை. மழைத் தண்ணீரும் மேல் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்து வருகிற தண்ணீரும்தான். அந்த வரத்துக் கால்வாயை வந்து பாருங்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அதில் குதித்து நீந்துவோம். இன்றைக்கு முக்கால்வாசி சீமைக்கருவேலம். ஒரு இடத்தில் ரோடு போட்டபோது பெரிய பாலத்துக்குப் பதில் சின்னக் குழாய் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பெருமழை பெய்தால் அந்த இடத்தில் தண்ணீர் தேங்கி, பக்கத்து வயலை மூழ்கடித்துவிட்டு வேறு பக்கம் போகிறது. ஏரிக்கு வந்து சேர்வது மீதிதான்.

ஏரி நிரம்பினால் பங்குனி வரை தண்ணீர் நிற்கும். எங்களுக்கும் நவரைக்குக் கிடைக்கும், குஞ்சும் பறந்துவிடும். அரைகுறையாக நிரம்பினால் மாசியிலேயே தகராறு. மதகைத் திற என்று நாங்கள் நிற்போம், கூட்டில் இன்னும் குஞ்சு இருக்கிறது என்று வனத்துறைக்காரர்கள் நிற்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். அந்தச் சண்டையே வராமல் இருக்க ஒரே வழி, ஐப்பசிக்கு முன்னால் கால்வாயைச் சுத்தம் செய்வதுதான். பறவைக்கு நாள் பார்த்து விழா எடுப்பதைவிட இதைச் செய்யுங்கள்.

---

கூழைக்கடா | செப்டம்பர் 4, இரவு 10:05

இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஐயா, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்தால் அந்தக் கால்வாயைக் காட்டுவீர்களா? நடந்து பார்த்து, அடைப்பு இருக்கிற இடங்களைப் படம் எடுத்து வரைபடத்தில் குறித்துத் தருகிறோம்.

---

சட்டப்புள்ளி | செப்டம்பர் 4, இரவு 10:40

ஒரு எச்சரிக்கை: ஆர்வக்கோளாறில் யாரும் அரிவாளோடு இறங்கிவிடாதீர்கள். சரணாலய எல்லைக்குள் அனுமதி இல்லாமல் ஒரு செடியை வெட்டினாலும் வழக்கு வரும், அது சீமைக்கருவேலமாகவே இருந்தாலும். கால்வாய் நீர்வளத்துறையில் வரும், எல்லை வனத்துறையில் வரும். இரண்டு பேருக்கும் மனு போக வேண்டும். நாமாக மனு போட்டால் கோப்பில் தூங்கும். கிராமசபைத் தீர்மானத்தோடு போனால் பதில் சொல்லியாக வேண்டும். அக்டோபர் 2 கிராமசபை வருகிறது. தீர்மான வாசகம் நான் எழுதித் தருகிறேன். கால்வாய் தூர்வாருவது, குழாயை எடுத்துவிட்டுப் பாலம் கட்டுவது, அப்புறம் நான் முன்னே சொன்ன அனுமதிப் பட்டியல். மூன்றே கோரிக்கை. நாலாவது சேர்த்தால் மூன்றும் நடக்காது.

---

கடைமடை | செப்டம்பர் 5, காலை 5:55

வாங்க. வருகிற ஞாயிறு வேண்டாம், ஊரில் ஒரு காதுகுத்து இருக்கிறது. அதற்கடுத்த ஞாயிறு காலையில் ஆறு மணிக்குப் படாளம் கூட்டு ரோட்டில் நிற்கிறேன். கால்வாய்க்குள் முள் இருக்கும், செருப்பு போட்டு வராதீர்கள், ஷூ போட்டு வாருங்கள். கிராமசபைக்கு முன்னால் தலைவரிடமும் இரண்டு பெரியவர்களிடமும் நான் பேசிவிடுகிறேன். தூர்வாரும் வேலையை நூறு நாள் வேலையில் சேர்க்க முடியுமா என்று சட்டப்புள்ளி தம்பி பார்த்துச் சொல்லட்டும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதில் கூலி கிடைக்கும்.

---

சட்டப்புள்ளி | செப்டம்பர் 5, காலை 7:20

சேர்க்கலாம் ஐயா. நீர்நிலை, கால்வாய் வேலைகள் அதில் வரும். தீர்மானத்திலேயே எழுதிவிடுகிறேன்.

---

பல்லாவரம் பாபு | செப்டம்பர் 5, காலை 8:02

லைட்டு, செல்ஃபி பாயிண்ட் எல்லாம் வாபஸ் 🙏 என்னிடம் ஒரு டெம்போ டிராவலர் இருக்கிறது. 12 பேர் வரலாம். தாம்பரம், செங்கல்பட்டு இரண்டு இடத்திலும் நிறுத்துகிறேன். டீசல் என் பொறுப்பு. வருகிறவர்கள் இங்கேயே பெயர் போடுங்கள்.

---

நீர்க்காகம் | செப்டம்பர் 5, காலை 8:10

1. நீர்க்காகம்

---

கல்வெட்டுப் பித்தன் | செப்டம்பர் 5, காலை 8:14

2. கல்வெட்டுப் பித்தன். திரும்பும்போது மதுராந்தகம் கோயிலில் அரைமணி நேரம் நிறுத்த வேண்டும், பிளேஸ் துரை கல்லைக் காட்டுகிறேன்.

---

ஒருவரிக்காரன் | செப்டம்பர் 5, காலை 8:40

3. டிக்கெட் காசு எங்கே போகிறது என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் நானே கேட்டுவிட்டு வருகிறேன்.